விதைநெல்லுக்குள் ஒரு பாஸ்போர்ட்

என் தம்பி மகனின் பாஸ்போர்ட்டை ஒளித்து வைத்தவள் நான்தான். தொலைத்தவள் என்று பெயர் வாங்கியவள் அவனுடைய தாய் கௌரி.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள். அவளுக்கு இன்னும் தெரியாது...

தம்பி சிங்கப்பூர் போய் அந்த நாட்டுக் குடிமகனே ஆகிவிட்டான். மகன் கதிர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். படிப்பு முடிந்ததும் மூவரும் உத்திரமேரூருக்கு என்னைப் பார்க்க வந்தார்கள். பத்து நாளில் திரும்பிப் போய்க் கதிர் பட்டாளத்தில் சேர வேண்டுமாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஏரிக்கரையில் பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டுப் பையன்கள் ஓடிப் பழகுவார்கள். மார்பளவு ஒரு விரற்கடை குறைந்தால் அழுதுகொண்டு வீடு திரும்புவார்கள். இங்கே அது கேட்டு வாங்கும் வேலை. அங்கே விருப்பம் கேட்பதே இல்லையாமே!

"ஒரே புள்ளைன்னா கூடவா வுட மாட்டாங்க?" என்று தம்பியைக் கேட்டேன்.

"ஒரே புள்ள, பத்துப் புள்ள கணக்கெல்லாம் கெடையாதுக்கா. பதினாறரை வயசுல பேரைப் பதியணும். டாக்டருங்க பார்ப்பாங்க. பதினெட்டுல ரெண்டு வருசம் போயிடணும். அப்புறமும் நாப்பது வயசு வரைக்கும் கூப்டா போவணும்."

"போவலன்னா?"

"ஜெயிலு."

"மந்திரி புள்ள?"

கதிர் சிரித்தான். "அவனுக்கும் அதே மொட்டைதான் அத்தை. பக்கத்துக் கட்டில்ல படுத்திருப்பான்."

ஒரு நாடு முழுவதையும் ஒரே படியால் அளக்கிறார்களா! வியந்தேன். வியந்த கையோடு திருடினேன்.

ஏன்? எனக்குப் பிள்ளை இல்லை. ஐந்து காணி நிலத்தைத் தனியாளாய்க் கட்டி ஆள்பவள். எவர் முன்னும் தலை குனியாதவள். எங்கள் வம்சத்துக்கு அவன் ஒருவன்தான். ரேஷன் கடையில் மாதம் கடந்தால் அந்த மாதத்து அரிசி போனது போனதுதானே? பட்டாளமும் அப்படித்தான், நாள் தவறினால் விட்டுவிடுவார்கள் என்று எண்ணினேன். எவ்வளவு பெரிய மூடத்தனம்!

கௌரியின் கைப்பையிலிருந்து எடுத்து விதைநெல் மூட்டைக்குள் செருகி, வாயைத் தைத்துவிட்டேன். விதைக்கும் நாள்வரை அந்த மூட்டையில் என் கை தவிர வேறு கை படக்கூடாது. எங்கள் வீட்டு வழக்கம் அது. வீட்டையே புரட்டிப் போட்டவர்கள் மூட்டையை மட்டும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கதிர்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினான். சென்னையில் உள்ள அவர்கள் நாட்டு ஆபீசுக்கு ஓடினான்.

"இங்கயே இருந்துடேன்டா கண்ணு."

"என் கூடப் படிச்சவன் எல்லாம் போறான் அத்தை. நான் மட்டும் எப்படி மூஞ்சிய காட்டுறது?"

யாரும் அவனைத் துரத்தவில்லை. அந்தப் பிள்ளை தானாக ஓடினான்!

மாற்றுக் காகிதம் வந்தது. ஆனால் பழைய டிக்கெட் நாள் கடந்துவிட்டது; சேரும் நாளுக்குள் விமானத்தில் இரண்டே இடம்தான் கிடைத்தது.

"தொலைச்சவ நீ. நீயே இருந்து தேடிக்கினு வா!" என்று தம்பி கௌரியிடம் சீறினான்.

கௌரி கைப்பையை மறுபடியும் கொட்டித் தேடினாள். நானும்தான்...

சேரும் நாளில் பெற்றவர்களையும் படகில் ஒரு தீவுக்கு அழைத்துப் போவார்களாம். பிள்ளை படுக்கப்போகும் கட்டிலைக் காட்டி, அவன் சாப்பிடுவதையே அவர்களுக்கும் போடுவார்களாம். அந்தச் சோறு கௌரிக்குக் கிடைக்கவில்லை. மூட்டைக்கு ஒரு முழம் தள்ளி, படாமல் உட்கார்ந்து, தம்பி அனுப்பியதைப் போனில் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

வரிசை வரிசையாய்ப் பிள்ளைகள் கை உயர்த்தி உறுதி சொன்னார்கள். சீனப் பிள்ளை, மலாய்ப் பிள்ளை, நம் பிள்ளை... அத்தனை தொண்டைக்கும் ஒரே குரல்! எனக்கு மெய் சிலிர்த்தது. கதிர் எவன் என்றே தெரியவில்லை.

"அதோ, மூணாவது வரிசைக்கா," என்றாள் கௌரி. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எங்க வெச்சேன்னே தெரியலியே... என் புத்தியை இன்னான்னு சொல்றது?"

"வுடு கௌரி," என்றேன். வுடு என்றேன்! மன்னிக்கிறவள் போல!

கௌரி வெறுங்கையோடு சிங்கப்பூர் திரும்பினாள். அந்தப் பட்டத்துக்கு வேளாண்மை டெப்போவில் விதை வாங்கினேன். அடுத்த பட்டத்துக்கும் அப்படியே. கதிர் இரண்டு வருடத்தையும் முடித்துவிட்டான். அந்த நெல் இனி முளைக்காது.

நடவுக்கு வரும் பெண்கள் கேட்கிறார்கள்: "இன்னாம்மா, இந்த மூட்டைய இன்னும் பிரிக்கலியா? நாங்க எறக்கட்டா?"

"என் கை தவிர வேற கை படக்கூடாது," என்கிறேன்.