ரஷ்யாக்காவின் வடை

மாம்பலம் ரயில் நிலையத்துக்கு வெளியே மழை விடுவதாக இல்லை. தள்ளுவண்டிக் கடையின் தார்ப்பாய்க்குக் கீழே நானும் போலந்திலிருந்து வந்த ஒரு கிழவரும் ஒதுங்கி நிற்கிறோம். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து விலையைத் தவிர வேறெதையும் யாரும் என்னிடம் பேசவில்லை. அவருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது, ஆள் கிடைத்ததும் ஆங்கிலத்தில் தன் குடும்பக் கதையைச் சொல்கிறார். அப்பா, தாத்தா, அவருக்கும் முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் ரஷ்யர்களோடு சண்டை போட்டவர்கள். பாதிப் பேர் வீடு திரும்பவில்லை.

"நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஒரு காலத்தில் மாஸ்கோவையே பிடித்து வைத்திருந்தோம்," என்கிறார். குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை.

"ரஷ்யாக்கா, ரெண்டு வடை," என்று ஓர் ஆட்டோக்காரர் குரல் கொடுக்கிறார்.

கிழவர் சட்டென்று திரும்புகிறார். அது பெயர்தானா என்று கடைக்கார அம்மாவிடம் கேட்கச் சொல்கிறார்.

"எங்க நைனா யூனியன்ல செங்கொடி புடிச்ச ஆளு. பாசத்துல வச்ச பேரு," என்கிறார் அந்த அம்மா. "இவுரு இன்னா ஊரு?"

"போலந்து. ரஷ்யாவுக்குப் பக்கத்துல."

"அப்போ நம்ம பக்கத்து ஊட்டுக்காரரு." கேட்காமலே ஒரு தட்டில் சுடச்சுட வடையை வைத்து அவரிடம் நீட்டுகிறார். "துன்னச் சொல்லுப்பா."

பக்கத்து வீடு என்று நான் மொழிபெயர்த்ததும் கிழவர் சிரிக்கிறார். "அதுதானே பிரச்சினையே."

அதை நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

கிழவர் வடையை மிச்சம் வைக்காமல் தின்று முடிக்கிறார்.

"ரஷ்யா கையால் வாங்கித் தின்றேன் என்று தெரிந்தால் அப்பா திட்டித் தீர்த்திருப்பார்," என்கிறார். பிறகு மழையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார், "இப்போது வீட்டில் திட்டக்கூட ஆளில்லை."