குஞ்சுகளுக்குக் கொடுத்த இருபது நாள்

நகராட்சியின் மரம் வெட்டும் குழுவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மின்கம்பியில் உரசும் கிளையோ, கூரைமேல் சாய்ந்த கிளையோ, எதை வெட்டச் சொன்னாலும் அவர் உடனே ரம்பத்தை எடுக்க மாட்டார். நீளக் கழியால் கிளையை இரண்டு தட்டு தட்டுவார். காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். கூட்டிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் போதும், அந்தக் கிளை பிழைத்தது.

"என்ன கூட்டுக்காரரே, கதவத் தட்டியாச்சு, யாராச்சும் எட்டிப் பாத்தாங்களா?" என்று கீழே நிற்பவர்கள் கேலி செய்வார்கள்.

"பிரசவ வார்டுப்பா இது. கத்தாதீங்க" என்பார் அவர்.

மேற்பார்வையாளர் இதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை. வேலைச் சீட்டில் 'வெட்டியாயிற்று' என்று இல்லாவிட்டால் மறுநாளே வேறு ஆளை ஏற்றிவிடுவார். அதனால் கூட்டுக்காரர் சீட்டில் வெட்டியாயிற்று என்றே எழுதிக் கொடுத்துவிடுவார். சட்டைப்பை நோட்டில்தான் உண்மை இருக்கும். எந்தத் தெரு, எந்த மரம், எத்தனை குஞ்சு, எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதெல்லாம். குஞ்சுகள் பறந்தபின் தனியாகப் போய் வெட்டிவிட்டு வருவார். பதினெட்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு எறும்புக்குக்கூட அவரால் தீங்கு வந்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி வாசல் மரத்தின் கிளை ஒன்று பட்டப்பகலில் முறிந்து விழுந்தது. கீழே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர் தபால்காரர், கூட்டுக்காரரின் ஒரே தங்கையின் புருஷன். உயிர் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் தங்கவில்லை.

அந்தக் கிளை மூன்று நாளுக்கு முன் கூட்டுக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிய கிளை. அடியில் விரிசல் இருந்தது அவருக்குத் தெரியும். மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. இருபது நாள் தாங்கும் என்று கணக்குப் போட்டார். சீட்டில் வெட்டியாயிற்று என்று இருந்ததால், விழுந்தது வேறு கிளை என்று அலுவலகமும் முடித்துக்கொண்டது.

மனைவியை எப்போதோ பறிகொடுத்தவர் கூட்டுக்காரர். தன் வாடகை அறையைக் காலி செய்துவிட்டுத் தங்கையின் இரண்டு அறை வீட்டுக்கே வந்துவிட்டார். காலையில் வேலைக்குப் போகுமுன், மதிய இடைவேளையில், மாலையில் என்று மூன்று வேளையும் மாப்பிள்ளையைப் புரட்டிப் போட்டு, முதுகைத் துடைத்து, பவுடர் போடுவார். ஒன்றரை வருஷத்தில் அந்த முதுகில் ஒரு புண் வந்ததில்லை.

"மச்சான், நீ பொண்ணாப் பொறந்திருந்தா உன் தங்கச்சிய விட்டுட்டு உன்னையே கட்டியிருப்பேன்" என்பார் மாப்பிள்ளை.

"உங்க மூஞ்சிக்கு எங்கண்ணன் சம்மதிச்சிருக்கணுமே" என்று அடுக்களையிலிருந்து தங்கை குரல் கொடுப்பாள்.

அந்தச் சிரிப்புச் சத்தத்தில் கூட்டுக்காரர் குனிந்து பவுடர் டப்பாவை மூடுவார். உண்மை தெரிந்தால் இந்த வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். உலகத்தில் அவருக்கு என்று இருந்தது அந்த ஒரு கதவுதான். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்க எத்தனையோ முறை விரல் போனது. ஏற்கெனவே சொன்ன பொய் போதாதா என்று விரல் திரும்பி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பறவைகளுக்காக ரம்பத்தையே காத்திருக்க வைக்கிறவரைப் பற்றி எழுத வேண்டுமாம். மேற்பார்வையாளர் மாறிப்போய்விட்டதால் குழுவில் யாரோ தைரியமாகச் சொல்லிவிட்டார்கள்.

உள் அறையில் கூட்டுக்காரர் மாப்பிள்ளையை ஒருக்களிக்க வைத்துத் தன் கையில் சாய்த்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன் அறையில் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணன் வாயத் தொறந்து எதுவும் சொல்லாதுங்க. நோட்டு இருக்கு, நானே படிச்சுக் காட்டுறேன்" என்று ஆணியில் தொங்கிய சட்டைக்குள் கைவிட்டாள்.

"வேண்டாம்மா! அத வெச்சிடு!"

"பாத்தீங்களா, வெக்கத்த!"

கையை எடுத்தால் மாப்பிள்ளை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிடுவார். கூட்டுக்காரர் அசைய முடியாமல் நின்றார். ஐயோ, அந்த நிமிஷத்தில் அவர் நெஞ்சு ஏன் வெடிக்கவில்லை!

"சந்தைத் தெரு, வேம்பு, ரெண்டு குஞ்சு, பன்னெண்டு நாள். பள்ளிக்கூடப் பின்பக்கம், நாலு முட்டை, ஒரு மாசம்..." தங்கை சிரித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினாள். "ஆஸ்பத்திரி வாசல், அடியில விரிசல், மூணு குஞ்சு, இருபது நாள்..."

மேலே போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். அந்த மாதத்தை அவள் எப்படி மறப்பாள்?

மாப்பிள்ளைதான் முதலில் பேசினார். முகம் சுவரைப் பார்த்திருந்தது.

"குஞ்சுங்க பறந்துச்சா, மச்சான்?"

"இல்ல மாப்ள. கிளையோட விழுந்து மூணும் செத்துப்போச்சு."

"அதுகூட இல்லையா?" என்றார் மாப்பிள்ளை.

தங்கை உள்ளே வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"குருவிக்கு இருபது நாள் குடுத்தியே. கீழ போறவங்களுக்கு ஒரு கயிறு கட்டி வழிய மறிக்கக் கூடாதா?"

"கயிறு கட்டினா மேற்பார்வையாளருக்குத் தெரிஞ்சிடும்... வெட்டியாச்சுன்னு எழுதிக் குடுத்திருந்தேன்..."

"அப்ப குஞ்சுக்காக இல்ல. மாட்டிக்கக் கூடாதுன்னு."

அவர் மாப்பிள்ளையை மெதுவாக மல்லாக்கப் படுக்கவைத்தார். தங்கை அவருடைய துணிகளை ஒரு பையில் திணித்து வாசலில் வைத்தாள். பத்திரிகைக்காரப் பெண் எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த ஞாயிறு, கட்டுரை படத்தோடு வந்தது. கருணையின் மறுபெயர் என்று தலைப்பு. ஆஸ்பத்திரி வாசலைப் பற்றி ஒரு வரி இல்லை. புது மேற்பார்வையாளர் அதை அலுவலகச் சுவரில் ஒட்டினார். கூட்டுக்காரர் தினமும் அதைத் தாண்டித்தான் கையெழுத்துப் போடப் போக வேண்டும்.

வீட்டை விட்டு வந்த பத்தாம் நாள் மனம் கேட்காமல் தங்கையின் வாசலுக்குப் போய் நின்றார். உள்ளே அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "கொஞ்சம் பிடிமானம் குடுங்க... ஒரே ஒரு தடவை..." கட்டில் கிறீச்சிட்டது. மாப்பிள்ளை வலியில் பல்லைக் கடித்து முனகினார். மறுபடி முயன்றாள். மறுபடி முனகல்.

அவர் கதவைத் தட்டினார்.

திறந்தவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "முதுகுல புண் வந்துடுச்சு" என்று மட்டும் சொல்லி வழிவிட்டாள். உள்ளங்கை அகலத்துக்குப் புண். இருவரும் சேர்ந்து புரட்டினார்கள். அவர் துடைத்தார், மருந்து போட்டார். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். ஒரு கேலி, ஒரு 'மச்சான்' இல்லை.

வேலை முடிந்ததும் தங்கை கதவருகே போய் நின்றாள்.

"மதியம் வரட்டுமாம்மா?"

"வந்து தூக்கிவிட்டுட்டுப் போ. உக்காராத."

இன்றைக்கும் மூன்று வேளை போகிறார். புண் ஆறிக்கொண்டிருக்கிறது. அண்ணே என்றோ மச்சான் என்றோ அந்த வீட்டில் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.