காளானில் ஐயா பங்கு

பூவம்மாள் காளானைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தாள். பெரிய மொட்டு ஒன்று இந்தப் பக்கம், அதே அளவில் இன்னொன்று அந்தப் பக்கம். "இது ஐயா பங்கு. இதுல கை வச்சா கை அழுகிடும்" என்று தன் கையையே அதட்டிக்கொண்டாள்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், மிராசுதார் சிங்காரவேலுவின் நிலத்தை அவள் குத்தகைக்குப் பயிரிடுகிறாள். இது அவள் சொல்வது. "அவ கூலிக்கு வந்தவ, குத்தகையாவது மண்ணாவது!" என்பது மிராசுதார் சொல்வது. குத்தகைதாரர் பெயரைப் பதியச் சொல்லி சர்க்கார் சட்டம் போட்ட நாளிலிருந்து மனிதர் அவளிடம் பங்கு நெல் வாங்குவதில்லை. வாங்கினால் குத்தகையை ஒப்புக்கொண்டதாகிவிடுமே! பெயர் பதிவாகாவிட்டால் அடுத்த போகத்துக்கு அவள் வரப்பில் நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

அதற்காகச் சளைக்கிற ஆளா பூவம்மாள்? நிலத்தில் எது கிடைத்தாலும் பங்கு பிரித்து எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நிற்பாள். நண்டு, பொன்னாங்கண்ணிக் கீரை, வாய்க்காலில் மாட்டிய கெளுத்தி. "ஐயா, உங்க பங்கு வந்திருக்குங்க!" தெருவுக்கே கேட்கும். "எடுத்துட்டுப் போடி!" என்று உள்ளேயிருந்து பதில் வரும். தினம் நடக்கிற கச்சேரி இது.

காளான் வந்தது வேளாண்மை இலாகா புண்ணியத்தில். பாட்டிலில் பூஞ்சை வித்தைக் கொடுத்து, ஈர வைக்கோலில் தூவி மூடிவைக்கச் சொன்னார்கள். "பூசணம் புடிச்சா ஊரு உலகம் தூக்கிப் போடும். இவ வெதச்சுல்ல வளக்குறா!" என்று சிரித்தான் அவள் புருஷன் பக்கிரி. முட்டை முட்டையாக மொட்டு விட்டதும் முதலில் தட்டை நீட்டியவனும் அவன்தான். "கறிக்கடைக்குப் போகாமயே கறி மணக்குதுங்க. ஒடம்புக்கும் சத்தாம். மக்குன வைக்கோலு வயலுக்கு எருவு. பூசணமே, நீ நல்லாயிருன்னு கையெடுத்துக் கும்பிட்டேன்" என்கிறாள் பூவம்மாள்.

மிராசுதாருக்கும் காளான் என்றால் உயிர். பாவம், மனைவி மங்களாம்பிகை அதை வாசற்படி ஏற விடுவதில்லை. அது கறிக்கு அண்ணனாம்.

சென்ற மாதம் பதிவு விசாரணைக்கு வந்த அதிகாரி பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்தார். "இவளுக்கும் எனக்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாதுங்க. ஒரு மணி நெல் வாங்கினதில்ல" என்று சிங்காரவேலு அடித்துச் சொன்னார். நெல் விஷயத்தில் அது உண்மைதான். மிராசுதாருக்கு எதிராகச் சாட்சி சொல்ல யாரும் வரவில்லை.

பூவம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்தாள். மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கிய காளான். "சாப்பாட்டு நேரமாச்சுங்க. இலையப் போடட்டுங்களா?" அதிகாரிக்கு ஓர் இலை, ஐயாவுக்கு ஓர் இலை.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் மிராசுதார். வாசனை விடவில்லை. ஒரு வாய், இரண்டு வாய். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"காரம் பத்தல பூவம்மா. கொல்லப்பக்கமா எம் பங்கக் குடுத்தனுப்புவியே, அந்தப் பக்குவம் இதுல இல்ல."

அதிகாரி நிமிர்ந்தார். "அப்ப பங்கு வாங்கிட்டுத்தான் இருக்கீங்களா?"

சிங்காரவேலுவின் வாயில் காளான். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசு வரவில்லை.

பூவம்மாள் சட்டியில் மிச்சமிருந்ததைக் கரண்டியால் இரண்டாகப் பிரித்து, பாதியை அவர் இலையில் வைத்தாள்.