பதினோரு லெட்சுமிகளும் ஒரு சாய்வுக்கோடும்

கிள்ளானில் ஒரு தனியார் ஸ்கேன் மையம். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணி. பழைய மேக் கணினிகளை ஏற்றிப்போக மூன்று மணிக்கு லோரி வருகிறது. அவற்றில் இருந்த நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் புதிய விண்டோஸ் சர்வருக்குச் சரியாகப் போய்விட்டன என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டதும் பழைய டிஸ்க்குகளை அழித்துவிடுவார்கள். பேனாவைத் திறந்துவிட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. இருபத்தாறு வருட சர்வீஸ். திரையில் ‘எரர் 0’ என்று வந்தால் என் பேனா தானாகத் திறக்கும்.

அப்போது பதிவறையில் வேலை செய்யும் மேரி கூப்பிட்டார்.

“அண்ணே, கொஞ்சம் வாங்க. லெட்சுமி ஆன்டிக்கு முட்டியிலதான் ஸ்கேன் எடுத்தாங்க. தொறந்தா வேற யாரோட தலையோ வருது லா. அடுத்த வாரம் அவங்களுக்கு ஆபரேஷன்.”

முதலில் மேரியைத்தான் சந்தேகப்பட்டேன். கணினிக்காரனின் முதல் கடமை அது. இன்னும் பெட்டியில் கட்டாத ஒரு பழைய மேக்கில் தேடிப் பார்த்தேன். அங்கே பதினோரு லெட்சுமிகள், பதினோரு ஃபோல்டர்கள். புதிய சர்வரில் ஒரே ஒரு லெட்சுமி.

தப்பு என்னுடையது. நம் ஊரில் ஐசி எனும் அடையாள அட்டையில் இன்னாரின் மகன் என்பதற்கு a/l, இன்னாரின் மகள் என்பதற்கு a/p என்று போடுவார்கள். மையத்தில் ஃபோல்டருக்கும் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். மேக்கில் பெயருக்கு நடுவே சாய்வுக்கோடு போட்டால் ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் ஏற்காது, அதற்குச் சாய்வுக்கோடு என்றால் ஒரு ஃபோல்டர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வினை. a/l, a/p வரும் இடத்தோடு பெயரை வெட்டிவிடும்படி ஒரு புரோகிராம் எழுதி, என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். ஒரே மதியத்தில் கிள்ளான் தமிழர்களில் பாதிப் பேரைத் தகப்பன் பெயர் இல்லாதவர்களாக்கிய பெருமை எனக்கு உண்டு. பதினோரு லெட்சுமிகளும் ஒரே ஃபோல்டருக்குள் இறங்கினார்கள். உள்ளே எல்லாருக்கும் ‘scan1’ என்ற ஒரே கோப்புப் பெயர். கடைசியாக வந்தவர் மற்றவர்களை அழித்துவிட்டார். புரோகிராமைப் பொறுத்தவரை எல்லாம் சுபம், எரர் 0.

எங்கள் கம்பெனியின் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசிலிருந்து என் மேனேஜர் சந்திரன் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, பிரச்சினை வருகிறபோது ஒவ்வொன்றாகச் சரிபண்ணிக்கொள்ளலாம், இப்போது கையெழுத்தைப் போடுங்கள் என்றார். திங்கட்கிழமை சிஸ்டம் ஓடும் என்று மேலிடத்துக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

“டிஸ்க்க அழிச்சப்புறம் எதை வெச்சு பாஸ் சரிபண்றது?”

“பேருதானே? விடுங்க லா.”

“உங்க ஐசியில a/l சுப்பையான்னு இருக்கு. அதை வெட்டிட்டா இந்த ஊர்ல எத்தனை சந்திரன்? எந்தச் சந்திரனோட தலையை டாக்டர் பாப்பாரு?”

அவர் முகம் சிவந்தது. இன்றைக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்றார்.

“வரல பாஸ். ஆனா இந்த மெஷினுங்களும் இங்கேருந்து போகாது.”

சொன்னதோடு நிற்காமல், மற்ற மேக்குகளைக் கட்டி வைத்திருந்த பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தொண்ணூற்றெட்டு கிலோ. டாக்டர் குறைக்கச் சொன்ன எடை அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது. லோரிக்காரர் வந்து, ஏற்றலாமா என்று கேட்டார். நான் அசையவில்லை. மேரி ஒப்படைப்புப் பாரத்தை, நான் கையெழுத்துப் போட வேண்டிய அந்தத் தாளை, எடுத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

“நானும் வாங்கிக்கல பாஸ். லெட்சுமி ஆன்டிக்குப் பதில் சொல்ல வேண்டியது நான்தான்.”

சந்திரன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான்கு மணிக்கு லோரி காலியாகத் திரும்பியது.

அதன் பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். ஒரு கோப்பைக்கூட நகர்த்தாமல் பெயர்களை மட்டும் சோதிக்கும் புரோகிராம் ஒன்று எழுதினேன். எந்தச் சிஸ்டமும் மறுக்காத எழுத்துகளை மட்டும் அது அனுமதிக்கும்: ஆங்கில எழுத்து, எண், புள்ளி, இடைக்கோடு. இன்னும் பல கோளாறுகள் வெளியே வந்தன. ஒரு மேக்கில் Ravi, இன்னொன்றில் RAVI. விண்டோஸுக்கு இரண்டும் ஒரே ஆள். மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்கேன்களுக்கு யாரோ CON என்று ஃபோல்டர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை விண்டோஸ் தனக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது, நமக்குத் தராது. கடைசியில் ஃபோல்டருக்கெல்லாம் வரிசை எண் கொடுத்து, முழுப் பெயரை, அப்பா பெயரோடு, உள்ளே பதிவேட்டில் எழுதி, பழைய மேக்குகளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி நகலெடுத்தோம். புதன்கிழமை லெட்சுமி ஆன்டியின் முட்டி டாக்டரின் திரையில் வந்தது. ஆன்டியின் முட்டியேதான், மேரி இரண்டு தடவை பார்த்தார்.

இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயரை நகலெடுக்கும் முன்னால் சோதியுங்கள். பொருந்தாத பெயரை வெட்டாதீர்கள். ஏன் பொருந்தவில்லை என்று பாருங்கள். எரர் 0 என்றால் நீங்கள் கேட்ட கேள்விக்குத் தப்பில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். நீங்கள் கேட்காததை அது சொல்லாது.

வேலை போகவில்லை. மேலதிகாரியை மதிக்கவில்லை, கம்பெனிப் பொருளின் மேல் உட்கார்ந்தேன் என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டும் உண்மை. மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னார்கள், எழுதவில்லை. கடிதத்தை ஸ்கேன் பண்ணிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கோப்பின் பெயர் warning-01. எந்தச் சிஸ்டத்திலும் திறக்கும்.