கல்மீன் தொட்டியில் மீன் இல்லை

"செத்துப்போகலைங்க. உயிரோடதான் இருக்கு."

பக்கத்தில் வந்த அம்மா திடுக்கிட்டு நின்றார். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கத்தான் அவர் வாயெடுத்தார். ஆனால் மீன் காட்சியகத்தின் கடைசித் தொட்டியருகே, ரப்பர் பூட்ஸும் நனைந்த சட்டைக்கையுமாக நிற்கிற மனிதரிடம் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அதனால் கேள்வி வரும் முன்பே பதிலைச் சொல்லி அவருக்குப் பழகிவிட்டது.

"எதுங்க சாகல?"

"மீனு. வலது பக்கம் மூணாவது கல்லு இருக்குல்ல, அதான். உத்துப் பாருங்க, வாய் தெரியும்."

அந்த அம்மா கண்ணாடியில் மூக்கு அழுந்தப் பார்த்தார். "கல்லுதான் இருக்கு," என்றார். "ஏங்க, இங்க பாத்ரூம் எங்க?"

காட்சியகத்தில் அந்த மனிதருக்குப் பெயர் கல்லு மாமா. அந்த வரிசைத் தொட்டிகளுக்கெல்லாம் தண்ணீர் மாற்றுவதும் தீனி போடுவதும் அவர் வேலை. மஞ்சள் மீன், கோடு போட்ட மீனெல்லாம் தாமே ஆடிப்பாடிக் கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளும். கல்மீன் மட்டும் அடியில் போட்டது போட்டபடி கிடக்கும். செதில் கிடையாது. உடம்பெல்லாம் மரு. அதன்மேல் பாசி வேறு. கண்ணும் வாயும் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். மற்ற மீன்களை மிதக்க வைக்கிற காற்றுப் பை இதற்கு இல்லை. அப்புறம் எங்கே மிதக்க? கட்டைவிரல் அளவில் வந்ததை இரண்டு கை கொள்ளாத அளவுக்கு வளர்த்தவர் அவர்.

அன்று மேனேஜர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"கல்லு மாமா, காலித் தொட்டிக்கு எதுக்குக் காசு வாங்குறீங்கன்னு தினம் சண்டைக்கு வர்றாங்க. இந்த வாரக் கடைசிக்குள்ள ஜனங்க கண்ணுல ஏதாவது தெரியணும். இல்லைன்னா அதை ஆராய்ச்சி நிலையத்துக்குக் குடுத்துட்டு வண்ண மீன் விட்டுடலாம்."

அங்கே அதைத் தொட்டியில் வைப்பார்களா, பாட்டிலில் மருந்து ஊற்றி வைப்பார்களா என்று மேனேஜர் சொல்லவில்லை. இவர் சட்டென்று போர்டு பேச்சுக்குத் தாவினார்.

"போர்டை மாத்திப் பாக்கலாம் சார். தேள்மீன் குடும்பம்னு பழசு எழுதியிருக்கு. ஆராய்ச்சிக்கார அம்மா வந்தப்ப சொன்னாங்களே, இப்ப அது வேற குடும்பம்னு. கண்ணுக்குக் கீழ ஒரு எலும்பு இருக்கு சார், பேனாக்கத்தி மாதிரி. வேணும்னா டக்குனு பக்கவாட்டுல நீட்டிப் பூட்டிக்கும். அந்தக் கத்தி இருக்கிற மீனையெல்லாம் ஒரே வீட்டுல சேத்துட்டாங்க."

"அப்ப தேள்மீனோட ஒறவு அத்துப்போச்சா?"

"அது எப்படி அத்துப்போகும்? பங்காளிங்கதான். அடுப்பு தனி, அவ்வளவுதான்."

"சரி, அந்தக் கத்தியை எடுத்து நீட்டச் சொல்லுங்க."

"நான் சொல்லி எங்க சார் கேக்குது!"

அன்று மாலை காட்சியகம் மூடியதும் அவர் தொட்டியிலிருந்த கல்லையெல்லாம் பொறுக்கி எடுத்தார். வெறும் மணலில் மீன் மட்டும் கிடந்தால் எந்தக் குருடனுக்கும் தெரியுமே என்று கணக்கு. மறுநாள் முதலில் வந்த குடும்பத்தலைவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "பாரு, ஒத்தைக் கல்லைப் போட்டு ஏமாத்துறானுங்க," என்றார். அதோடு போனதா? மறைவில்லாத இடத்தில் கிடப்பது பிடிக்காமல், மீன் தன் நெஞ்சுப்பக்கத்து அகலத் துடுப்புகளால் மண்வெட்டி போட்டதுபோல மணலைத் தள்ளித் தள்ளி உள்ளே இறங்கிவிட்டது. மதியம் எட்டிப் பார்த்த டிக்கெட் கவுண்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன மாமா, இருந்த ஒரு கல்லும் போச்சு?"

"நீ வேற எரியிறதுல எண்ணெய ஊத்தாத, போ."

மேனேஜருக்கு வேறு யோசனை. "ஒரு குச்சியால தட்டிவிட்டா நகராதா?"

கல்லு மாமாவுக்கு உச்சி கொதித்தது. "முதுகுல பதிமூணு முள்ளு சார் அதுக்கு. ஒவ்வொரு முள்ளுக்கும் ரெண்டு பக்கமும் விஷப்பை. மேல தடிச்ச தோலு, உறை போட்ட மாதிரி. அமுக்கினா உறை கீழ போகும், பை பிதுங்கும், முள்ளுல இருக்கிற பள்ளம் வழியா விஷம் ஏறும். ஆனா அது தானா வந்து ஒருத்தரையும் குத்தாது. மிதிச்சாத்தான் குத்தும். நீங்க என்னடான்னா மிதிக்கச் சொல்றீங்க!"

கத்திய கத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. அந்தத் தொண்டையோடு வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஒரு கண்காட்சி. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரன் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரோஜா மொட்டுபோல இரண்டு கையையும் மூடிக்கொண்டு அவன் தூங்குகிற அழகைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும். பார்க்க வந்தவர்களுக்கு அது போதவில்லை. சம்பந்தியம்மா கட்டிலோரம் உட்கார்ந்து, "மூக்கு எங்க வீட்டு மூக்குதான். கண்ணு யாருதுன்னு தொறந்தாத்தானே தெரியும்," என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். "இப்பதான் வயிறு முட்டக் குடிச்சான் சம்பந்தி. இனிமே வெடி வெச்சாலும் அசைய மாட்டான்."

பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒற்றைக் காலில் அப்படியே நின்றார்.

தீனி நாட்களில், கூட்டம் வரும் முன்பே, கதவு திறக்காத நேரத்தில்தான் அவர் கல்மீனுக்கு இறால் போடுவார். விஷ மீன் தொட்டியின் மூடி திறந்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது என்று அவரே போட்டுக்கொண்ட சட்டம் அது. வயிறு நிறைந்த மீன் பகலெல்லாம் கல்லாய்க் கிடக்காமல் என்ன செய்யும்? இத்தனை வருஷமாக ஜனங்களைத் திட்டினோமே, சோற்றைப் போட்டுத் தூங்கவைத்தவன் நானல்லவா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாளே கல்லையெல்லாம் பழையபடி தொட்டியில் வைத்தார், காலைத் தீனியையும் நிறுத்தினார். வாரக் கடைசியில், தொட்டிக்கு முன்னால் தள்ளிக் கயிறு கட்டி, கூட்டத்தை அதற்குப் பின்னால் நிறுத்தினார். ஏணிமேல் ஏறி, நீள இடுக்கியில் இறாலைக் கவ்வி மெல்ல இறக்கினார். மேனேஜரும் வந்து நின்றார். இறால் மூன்றாவது கல்லுக்கு மேலே போனது. அடுத்த கணம் இடுக்கியில் இறால் இல்லை. மணல் மட்டும் லேசாகப் புகைந்து அடங்கியது.

"எங்க போச்சு இறாலு?"

"நான் கண்ணைச் சிமிட்டிட்டேன். நீ பாத்தியா?"

"மறுபடி போடுங்க, மறுபடி!"

ஒருவர் கண்ணிலும் மீன் படவில்லை. "அடியில குழாய் வெச்சு உறிஞ்சுறாங்கப்பா," என்று ஒருவர் விவரமாக விளக்கினார். ஆனாலும் கூட்டம் கலையவில்லை. மேனேஜருக்கு வாயெல்லாம் பல். ஆராய்ச்சி நிலையப் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை. குடும்பம், கத்தி, பதிமூன்று முள் எதுவும் இல்லாமல் 'இறால் மறையும் தொட்டி' என்று கொட்டை எழுத்தில் புது போர்டு வந்தது. அதைத் துடைக்கிறபோதெல்லாம் கல்லு மாமா பல்லைக் கடித்துக்கொள்கிறார். தொட்டியைத் துடைக்கும்போது மட்டும் மூன்றாவது கல்லைப் பார்த்து, "இருடா, இருந்துட்டுப் போ," என்பார்.

இன்று காலையில் சம்பந்தி வீட்டார் மறுபடியும் வந்தார்கள். பேரன் நல்ல தூக்கம். சம்பந்தியம்மா கன்னத்தைக் கிள்ளி எழுப்பக் கையை நீட்டினார். வேலைக்குக் கிளம்பி வாசல்வரை போன கல்லு மாமா பூட்ஸோடு திரும்பி வந்து குறுக்கே நின்றார்.

"தொடாதீங்க சம்பந்தி. பாக்கணும்னா நின்னு பாருங்க. பசிச்சா அவனே கண்ணு தொறப்பான். நீங்க சிமிட்டாம மட்டும் இருங்க."