பல்லி விழுந்த தொட்டி

சைனிக்புரியில் ஐயாவின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்தோம். அப்பா அந்த வீட்டுக்குக் காவல். அம்மாவுக்கு உள்ளே வேலை. நான் ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும்.

ஐயா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற செகந்திராபாத் தமிழர்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும். வீட்டை விற்பது என்று முடிவானதும், பார்க்க வருகிறவர்களுக்கு வாடை அடிக்கக் கூடாது என்று செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயைச் சாக்கு வைத்துக் கட்டச் சொன்னார். அப்பா கட்டினார். மறுநாளிலிருந்து வீடு பேசத் தொடங்கியது. யாரும் போகாத குளியலறையில் தண்ணீர் குமிழியிட்டது. எங்கள் கழிப்பறையின் அடியிலிருந்து, வயிறு நிறையச் சாப்பிட்டவர் விடுவதுபோல நீளமாக ஓர் ஏப்பம் வரும். நான் உள்ளே இருக்கும்வரை அம்மா வெளியே நின்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாங்க வந்தவர்கள் டேங்கைச் சுத்தம் செய்து காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு என்றுவிட்டார்கள். பன்னிரண்டு வருடமாகத் திறக்காத மூடி. அப்பா கடப்பாரையால் சிமெண்டைப் பெயர்த்து அதை நகர்த்தியதும், கரப்பான்பூச்சிகள் கறுப்புத் துணியை உதறியதுபோல வெளியே வந்து சுவரெல்லாம் ஏறின. லாரி வந்து தண்ணீரை உறிஞ்சியது. அடியில் இறுகிப்போன மண்டி மட்டும் வரவில்லை. அதற்கு நாளை இன்னொரு நடை வர வேண்டும் என்று சொல்லிவிட்டு லாரிக்காரர் போய்விட்டார்.

வீட்டை வாங்குகிறவர்கள் அன்று மதியமே வருகிறார்கள். ஐயா அப்பாவைப் பார்த்தார்.

"நாளைக்கெல்லாம் நக்கோ, வேணாம். முழங்காலளவுதான் இருக்கு. நீயே இறங்கி வாளியில அள்ளிக் குடுத்துடு. புது ஆளுங்ககிட்ட உங்களையே வச்சுக்கச் சொல்றேன்."

எங்கள் அறையும் நடந்துபோகும் தூரத்தில் இருந்த என் பள்ளியும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தன. அப்பா லுங்கியை மடித்துக் கட்டினார். மூங்கிலால் மண்டியை நன்றாகக் கிளறிவிட்டு ஏணியை இறக்கினார். நான் குனிந்து எட்டிப் பார்த்தேன்; அம்மா என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். வெயில் ஒரு முழம் உள்ளே போய் அங்கேயே நின்றுவிட்டது. அந்த வெளிச்சத்தின் விளிம்பில், சுவரில் ஒரு பல்லி. அடியில் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்தன. பல்லி, யாரும் தொடாமலேயே, காலைக்கூட அசைக்காமல் கழன்று விழுந்தது. விழுந்த சத்தம் வரவில்லை.

அப்பா இரண்டாவது படியில் இருந்தார்.

"இறங்காதீங்க. பல்லி விழுந்துடுச்சு, சகுனம் சரியில்ல," என்றாள் அம்மா.

ஐயா சிரித்தார். "கைக்கு? எதுக்கு இந்தப் பேச்செல்லாம்? பல்லி விழுந்தா டேங்குக்கு என்ன?"

எனக்கு அவமானமாக இருந்தது. "அதெல்லாம் மூடநம்பிக்கைன்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்க. நீ இறங்குப்பா," என்றேன்.

"படிக்கிற புள்ள சொல்லுது, கேட்டுக்கம்மா," என்றார் ஐயா.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இன்னொரு படி வச்சீங்கன்னா நான் இப்பவே ஊருக்கு பஸ் ஏறிடுவேன்."

அப்பா மேலே வந்தார். "அவ அப்படித்தாங்கய்யா. விட்டா சாமி ஆடிடுவா," என்று தலையைச் சொறிந்தார்.

மறுநாள் லாரி வந்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து மிச்சத்தையும் உறிஞ்சிக்கொண்டு போனது. வீடும் விலைபோனது. ஐயா எங்களுக்காகப் பேசவில்லை. மௌலா அலிக்குக் குடிபோனோம். பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. அம்மாவின் பல்லியால் வந்த வினை என்று பல நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன்.

இன்று நான் தண்ணீர் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கிளறிய மண்டியிலிருந்து எழும் வாயுவின் பெயர் தெரியும். அதில் ஓரிரு மூச்சுக்குள் ஆள் சாய்ந்துவிடலாம் என்பதும் தெரியும்.

பல்லி விழுந்த அன்று மதியம் தலை வலிக்கிறது என்று படுத்த அப்பாவின் நெஞ்சில் கையை வைத்தபடி அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். செய்த தப்புக்கு வருந்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் அறையில் பல்லி விழாத வாரமே கிடையாது. அம்மா ஒருநாளும் பலன் பார்த்ததில்லை. துடைப்பத்தால் வெளியே தள்ளிவிட்டு அடுப்பைக் கவனிப்பாள். அன்றைக்கு மட்டும் ஏன் பார்த்தாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.