சட்டமும் சட்டையும்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சின்ன வயதில் வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொள்வாள். வந்தவர்கள் போனதும் மெல்ல விரிவாள். அதைப் பார்த்து ஒரு நாள் அவளுடைய அக்கா, "இவ மனுஷியே இல்ல, தொட்டாச்சிணுங்கி" என்றாள். அது ஒட்டிக்கொண்டது. போகப் போகத் 'தொட்டா' உதிர்ந்து சிணுங்கி மட்டும் மிஞ்சியது.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதற்கும் அந்தச் சுபாவம்தான் காரணம். எழுந்து நின்று பாடத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து போகவும் இல்லை. ஆனால் வாய்க்கும் சேர்த்துக் கண் வேலை செய்தது. யார் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, யார் சிரிக்கும்போது கண் சிரிக்கவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்ல மாட்டாள்.

கல்லூரியில் செடிகொடிகளைப் பற்றிப் படிக்கும் பிரிவில், ஆய்வுக்கூடத்துப் புட்டிகளையும் தட்டுகளையும் கழுவும் வேலை அவளுக்குக் கிடைத்தபோது, "உனக்குன்னே செஞ்ச வேலைடி. புட்டி திருப்பிப் பேசாது" என்றாள் அக்கா. உண்மைதான். சிணுங்கி சந்தோஷமாகவே கழுவினாள்.

ஒரு நாள் அந்தப் பிரிவின் பேராசிரியை அவள் பின்னால் வந்து நின்றார். மேடத்துக்கு முழங்கால் வலி. நடையிலேயே தெரியும்.

"சிணுங்கி, வெளியே வேலைக்கு வர்றியா? கூட வர இருந்தவங்க வரலை."

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே விவசாயம் நடக்காத நகராட்சி நிலங்கள் மூன்று இருந்தன. ஒன்று குளக்கரை, ஒன்று தைலமரத் தோப்பு, மூன்றாவது முள்ளுக்காடு. அதில் ஒன்றில் பேருந்துகள் நிறுத்தக் கொட்டகை கட்டப் போகிறார்கள். எந்த இடத்தில் செடி வகையும் மற்ற உயிர் வகையும் குறைவோ அங்கே கட்டலாம், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று கல்லூரியிடம் கேட்டிருந்தார்கள்.

மூன்று இடத்திலும் உள்ளதை முழுக்க எண்ண முடியாது. அதனால் மேடம் நாலு பிளாஸ்டிக் குழாய்களை மூலைக்கு மூலை மாட்டி ஒரு சதுரம் செய்திருந்தார். அதற்குச் சட்டம் என்று பெயர். நிலத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, தோளுக்கு மேலாக அதை எறிய வேண்டும். விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் தரையில் எத்தனை வகை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். புல், பூண்டு, எறும்பு, நத்தை எல்லாம் கணக்கு. ஒவ்வோர் இடத்திலும் இப்படிப் பல தடவை.

"ஏன் மேடம் கண்ணை மூடணும்?" என்று கேட்டாள் சிணுங்கி. அவள் கேள்வி கேட்பது அபூர்வம்.

"திறந்திருந்தா மனசு தனக்குப் பிடிச்ச இடமா பாத்து எறியும். அது பொய்க் கணக்கு."

அக்காவிடம் போய்ச் சொன்னாள். அக்கா வீடு முள்ளுக்காட்டை ஒட்டி இருந்தது. அவளுடைய ஆடுகளுக்கு அந்தக் காடுதான் சமையலறை. "நம்ம வீட்டுல ஒருத்தி சட்டத்தைக் கையில எடுக்குறாடி!" என்று கைதட்டிச் சிரித்தாள் அக்கா. படித்தவர்களோடு வெளியே போகிறாளே என்று, பெட்டியின் அடியிலிருந்து பூவேலை செய்த முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மெல்லிய துணி. அக்காவிடம் இருந்ததிலேயே நல்லது அதுதான்.

குளக்கரையில் வேலை விளையாட்டு மாதிரி நடந்தது. சட்டம் விழுந்த இடமெல்லாம் கோரை, வல்லாரை, நத்தை, தவளைக் குஞ்சு. மேடமும் பக்கத்திலேயே நின்று பார்த்தார். தைலமரத் தோப்பில் சட்டத்துக்குள் சருகும் கொஞ்சம் புல்லும் கட்டெறும்பும்தான். ஆனால் தோப்புக் காவலர் ஓடி ஓடிக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். "என் தோப்பு தேறுமா தங்கச்சி? பெயிலாக்கிடாதீங்க" என்று சிரித்தார். தோப்பு மூலையில் இருந்த ஒற்றை அறையில்தான் அவர் குடும்பம்.

முள்ளுக்காட்டில் வெயில் ஏறிவிட்டது. முழங்கால் வலியால் மேடம் ஒற்றையடிப் பாதையிலேயே குடை பிடித்து நின்றுகொண்டார். "நீ எறிஞ்சு பாத்துச் சொல்லு, நான் எழுதிக்கறேன்."

சிணுங்கி கண்ணை மூடி எறிந்தாள். திரும்பிப் பார்த்தால் சட்டம் முட்புதரின் நடுவே கிடந்தது. கையை நீட்டினாள். சட்டைக் கையில் முள் ஒன்று கொக்கி போட்டது. துணி 'இர்' என்றது. அவள் உடம்பே சுருண்டுகொண்டது. மெதுவாக முள்ளை விடுவித்தாள். நல்லவேளை, கிழியவில்லை. குடை அந்தப் பக்கம் திரும்பி இருந்தது. காலால் சட்டத்தின் ஓரத்தைப் பற்றி, புதரிலிருந்து வெட்டவெளிக்கு இழுத்துப் போட்டாள்.

"என்ன இருக்கு?" என்று குரல் வந்தது.

"ஒரு புல்லு மேடம். ஒரு எறும்பு."

அடுத்த தடவையும் புதரில்தான் விழுந்தது. அடுத்ததும். அந்த நிலமே பெரும்பாலும் புதர், வேறெங்கே விழும்? முதல் தடவை இழுக்கும்போது நெஞ்சு படபடத்தது. அப்புறம் படபடக்கவில்லை. அதைத்தான் பிறகு அவளால் மன்னிக்க முடியவில்லை.

சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு நூல்கூடப் பிரியாமல் அக்காவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

சில நாள் கழித்து ஆய்வுக்கூடச் சுவரில் மேடம் ஒரு படம் ஒட்டினார். இடத்துக்கு ஒன்றாக மூன்று பட்டைகள்; வகை கூடினால் பட்டையின் உயரமும் கூடும். குளக்கரை ஆளுயரம் நின்றது. தோப்பு முழங்கால் அளவு. முள்ளுக்காடு தரையோடு தரை.

"பாத்தியா? எல்லாம் உன் கை எறிஞ்சது" என்று அவள் தோளைத் தட்டினார் மேடம். "முள்ளுக்காட்டுல பாவம், ஒண்ணுமே இல்ல. அங்கேயே கட்டிக்கட்டும்னு அடுத்த வாரம் எழுதி அனுப்பிடலாம்."

கையில் இருந்த புட்டியைச் சிணுங்கி மறுபடி கழுவினாள். அது ஏற்கனவே கழுவிய புட்டி.

அன்று சாயங்காலம் சிணுங்கி அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஆடுகள் ஒவ்வொன்றாக வந்தன. "நீதான் உள்ள இருக்கியே, உங்க மேடம் எந்த இடம்னு சொல்றாங்க?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியல."

"எங்க வேணா கட்டட்டும். இங்க கட்டினா இதுங்களை நான் மொட்டை மாடியிலயா மேய்க்கறது?"

சிணுங்கி ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேடத்திடம் சொல்லலாம். சொன்னால் இருந்திருந்து கிடைத்த வேலை போகும். அதைவிட, அக்கா வீடு அங்கே இருப்பது மேடத்துக்குத் தெரியும். ஆட்டுக்காகத்தான் இப்போது வந்து கதை கட்டுகிறாள் என்று நினைப்பார். முதலில் இழுத்துப் பொய்க் கணக்குச் சொல்லியாயிற்று, இனி உண்மையும் பொய் மாதிரித்தான் தெரியும்.

விடுமுறை நாளில் ஆய்வுக்கூடத்திலிருந்து சட்டத்தை எடுத்துக்கொண்டு முள்ளுக்காட்டுக்குப் போனாள். தன்னுடைய பழைய சட்டையைத்தான் போட்டிருந்தாள். கண்ணை மூடி எறிந்தாள். புதருக்குள் விழுந்தது. இந்தத் தடவை அதை வெளியே இழுக்கவில்லை. தரையோடு தரையாகப் படுத்து அவள் உள்ளே போனாள்.

உள்ளே வேறோர் ஊர் இருந்தது. வெளியே பொரிந்துபோன மண் இங்கே ஈரமாக இருந்தது. பிரண்டை பின்னிக் கிடந்தது. கோவைக்கொடி ஏறியிருந்தது. பெயர் தெரியாத இளஞ்செடிகள், ஆட்டு வாய் எட்டாத தைரியத்தில், தளதளவென்று நின்றன. வெள்ளை நத்தைகள் முள் தண்டில் பொத்தான் தைத்த மாதிரி ஒட்டிக்கொண்டு தூங்கின. எறும்பு விழக் காத்திருக்கும் குழிநரிப் பூச்சியின் மணல் குழிகள். ஓணான் ஒன்று தலையாட்டி அவளை விசாரித்தது. தாழ்ந்த கிளையில் சின்னக் கூடு. எண்ண ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். எண்ண எண்ணக் குற்றம் ஏறியது. இத்தனை பேர் இருந்த வீட்டைக் காட்டி, 'யாரும் இல்லை' என்று அவள் வாயால் சொல்லியிருக்கிறாள்.

"அடியே! ஆட்டுக்குத்தான் புத்தி இல்ல, முள்ளுக்குள்ள தலைய விடும். உனக்கென்ன வந்துச்சு?"

அக்காவின் குரல். சிணுங்கி பின்னால் நகர்ந்து வெளியே வந்தாள். முகத்தில் கீறல். அங்கேயே, மண்ணில் உட்கார்ந்தபடி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அக்கா வாயைப் பிளந்தாள். "ஒரு சட்டைக்கா?"

"உன் நல்ல சட்டை."

"அதுல அக்குள்ல ஏற்கனவே ஒரு ஒட்டு இருக்குடி. ஊரு கண்ணுல இருக்கிற தூசியெல்லாம் பாக்கற, அதைப் பாக்கலியா?" பிறகு கோபம் வந்தது. "நாளைக்கே போய்ச் சொல்ற. இல்லேன்னா இந்த ஆடுங்களை ஓட்டிக்கிட்டு நானே உன் காலேஜுக்கு வந்து சொல்லுவேன். அப்ப மானம் கப்பலேறும், பாத்துக்க."

மறுநாள் மேடத்தின் மேஜைக்கு முன்னால் சிணுங்கி நின்றாள். பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரியே. வாய் ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை மறுநாள் வராமல் இருந்துவிட முடியாது.

"மேடம், நான் சட்டத்தை இழுத்தேன்."

"எந்தச் சட்டத்தை?"

"முள்ளுக்காட்டுல. முள்ளுல விழுந்தப்ப எல்லாம் வெளியே இழுத்துப் போட்டேன். சட்டை கிழிஞ்சிடும்னு."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை தடவை?"

"விழுந்த அத்தனை தடவையும்."

"உங்க அக்கா வீடு அங்கதானே?"

அவள் பயந்த கேள்வி அதுதான். "ஆமா மேடம்" என்றாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

மேடம் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "நான் பாதையை விட்டு இறங்கவே இல்ல" என்றார், அவளுக்குச் சொல்வது மாதிரி இல்லாமல். எழுந்து போய்ப் படத்தைக் கிழித்தார். "ஒண்ணை மட்டும் திரும்ப எண்ணினா நியாயம் இல்ல. மூணு இடத்தையும் முதல்லேருந்து எண்ணணும். ஆனா எறியறது நான்."

கடைசி வார்த்தைதான் உறைத்தது. வேலை போயிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

திரும்ப எண்ணினார்கள். மேடம் முனகிக்கொண்டே முள்ளுக்குள் தவழ்ந்தார். மேடத்துக்குக் கீறல் பட்டபோதெல்லாம் சிணுங்கி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். புதுப் படத்தில் முள்ளுக்காடு குளக்கரையின் தோள் வரை வளர்ந்துவிட்டது. குளக்கரை அதே உயரம். தோப்பும் அதே முழங்கால்தான். ஆனால் இப்போது அதற்குக் கீழே யாரும் இல்லை.

அதைப் பற்றி அவள் யோசித்திருக்கவே இல்லை. மூன்றில் ஒன்று கடைசியாக இருந்தே தீரும். அக்கா ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூத்தாடிய அன்று, சிணுங்கியின் கால் தைலமரத் தோப்புக்குப் போயிற்று. யாரும் அனுப்பவில்லை.

காவலர் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். "கேள்விப்பட்டேன் தங்கச்சி" என்றார், அவள் வாய் திறப்பதற்குள். "இந்தத் தடவை இழுக்கலைல்ல?"

"இழுக்கல அண்ணே." ஊருக்கே தெரிந்திருந்தது.

"அப்ப நீ எதுக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கிட்டு வர்ற? தைலமரம் தனக்குக் கீழ ஒண்ணை வாழவிடாது. மிச்சம் மீதி இருந்ததையும் நான் தினம் கூட்டித் தள்ளிட்டேன், தோப்பைச் சுத்தமா வச்சிருக்கான்னு பேரு வாங்கணும்னு." துடைப்பத்தைப் பார்த்துச் சிரித்தார். "பேரு வாங்கியாச்சு."

அந்தச் சிரிப்பில் கண் சிரிக்கவில்லை. அறை வாசலில் அவர் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அண்ணாந்து குடித்தாள்.

அண்ணாந்தபோதுதான் பார்த்தாள். உச்சிக் கிளையில் சுள்ளிகளால் கட்டிய பெரிய கூடு. பருந்து ஒன்று அதன் ஓரத்தில் வந்து இறங்கியது. குச்சிக் குச்சியாகக் குஞ்சுகளின் கழுத்துகள் எழுந்தன. அடுத்த மரத்தில் இன்னொரு கூடு. சட்டம் தரையில்தான் விழும். மேலே இருப்பது அதற்குத் தெரியாது.

முள்ளுக்காட்டில் தாழ்ந்த கிளையில் இருந்த கூட்டையும் அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. இதை எண்ணினால் தோப்பு தப்பிக்குமா என்று அவளுக்குத் தெரியாது. தப்பிக்காமலும் போகலாம். மறுபடியும் ஏதோ காரணத்துக்காக வந்து நிற்கிறாள் என்று மேடம் நினைக்கலாம். சொம்பைக் காவலரிடம் கொடுத்துவிட்டு, சிணுங்கி கல்லூரி இருந்த பக்கமாக வேகமாக நடந்தாள்.